தீவனம் எங்க போகுது

அந்த வெள்ளைக் குதிரை சவாரிக்கு இல்லீங்க. முன்னாடி ரெண்டு செவலை நிக்குதே, அதுல எது வேணாலும் ஏறலாம். மழை விட்டதும் ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். இப்ப உள்ள வந்துருங்க. கொடைக்கானல் சாரல்ல நனைஞ்சா சளி லேசுல விடாது. அந்தச் சாக்கு மேல உக்காருங்க. சுத்தமான சாக்குதான்.

நான் பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டே பேசுறேன், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கொள்ளை சூட்டோட மசிச்சாத்தான் மசியும். ஆறிப்போச்சுன்னா திப்பிதிப்பியா நிக்கும், அவளால முழுங்க முடியாது. அவள்னா நூரி. வெள்ளைக் குதிரை. வயசு இருபத்தேழு. மனுஷக் கணக்குக்கு எம்பது தாண்டுன கிழவி.

நல்லா இருக்காளா? நீங்க சொல்றது சந்தோஷம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இந்த வயசுக்கு எப்படி வச்சிருக்கீங்க பாய்னு கேக்குறாங்க. போன வருஷம் இதே மழைக்காலத்துல வந்திருந்தீங்கன்னா, என்ன மனுஷன்யா இவன்னு திட்டிட்டுப் போயிருப்பீங்க. ஒரு அம்மா திட்டியே விட்டாங்க. மதுரைக்காரங்க. பிள்ளையை ஏத்தி உக்கார வைக்கப் போறேன், அந்தம்மா பிள்ளையை இழுத்துக்கிட்டாங்க. இதைப் பட்டினி போட்டு வேலை வாங்குறீங்களான்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டாங்க.

பட்டினி போடலீங்க. அல்லா மேல ஆணையா நான் பட்டினி போடல. அதான் விஷயமே. மூட்டை மூட்டையாத் தீவனம் வருது. கொள்ளு வருது, கோதுமைத் தவிடு வருது, மன்னவனூர்லேர்ந்து புல்லுக்கட்டு வருது. எல்லாம் தீர்ந்துபோகுது. குதிரை மட்டும் இளைச்சுக்கிட்டே போகுது. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? சொல்லுங்க.

அப்பத் தீவனம் போடுறது என் வேலை இல்ல. எங்க மச்சான் வேலை. உதுமான் மச்சான். என் வீட்டுக்காரி ஜொஹராவுக்கு உடன்பிறந்த அண்ணன். சம்சாரம் தவறினதும் எங்ககூட வந்து தங்கினவர். அப்ப மகளை உத்தமபாளையத்துல கட்டிக் குடுத்திருந்தார். மகளும் கூப்பிட்டுச்சு, இவர்தான் குதிரைங்களை விட்டுட்டு வர மாட்டேன்னுட்டார். பத்தொம்பது வருஷம் எங்ககூட இருந்தார். ஒரு நாள் கூட இது தங்கச்சி வீடு, நான் ஒண்டியிருக்கேங்கிற மாதிரி நடந்துக்கிட்டதில்ல. நாங்களும் அப்படி நடத்துனதில்ல. என்னை மாப்ளேன்னுதான் கூப்பிடுவார். வாய்யா மாப்ளே, போய்யா மாப்ளே. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் லாயத்துக்கு வந்துருவார். நான் நாயுடுபுரத்துல வீட்டுல டீயைக் குடிச்சுட்டு எட்டரைக்கு மேலதான் வருவேன். வந்தா சேணம் கட்டி ரெடியா நிக்கும், நான் ஓட்டிட்டுப் போவேன். அப்படி ஒரு ஏற்பாடு.

அவரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. குதிரைக்கு இன்னது குறைன்னு ஒரு வார்த்தை சொல்லல.

அப்பத்தான் பக்கத்து லாயத்து அந்தோணிராஜ் ஒரு நாள் சொன்னான். பாய், உங்க மச்சான் தினமும் விடியக்காலையில ஒரு வாளியில தீவனத்தை எடுத்துக்கிட்டு மேட்டுப் பக்கம் போறாரு, மேல சாக்கைப் போட்டு மூடியிருக்காருன்னான். அவன் கெட்ட எண்ணத்துல சொன்னானா, சும்மா சொன்னானா தெரியாது. மேட்டுல யாரு மாடு வச்சிருக்கா, யாருக்குக் குடுக்குறாருன்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். கேட்டுருக்கலாம். ஒரே கேள்விதான். மச்சான், வாளியை எங்க கொண்டுபோறீங்க? அவ்வளவுதான். அதை மட்டும் நான் கேக்கல.

தீவன அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

மறுநாள் எட்டரைக்கு வந்தா அந்தப் பூட்டு முன்னாடி நிக்கிறார். கையில காலி வாளி. அஞ்சு மணியிலேர்ந்து நின்னிருக்கார். அந்தோணிராஜ் இருக்கான், இன்னும் ரெண்டு மூணு குதிரைக்காரங்க இருக்காங்க. சாவி எங்க மாப்ளேன்னு கேட்டார். இனிமே தீவனத்தை நானே போடுறேன்னு சொன்னேன்.

"ஏன் மாப்ளே?"

"தீவனம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும்ல."

இதுதாங்க நான் சொன்னது. திருடன்னு சொல்லல. அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வரல, அங்க நின்னவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆனா அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மச்சான் என்னைப் பாத்தார். வாளியைக் கீழ கவுத்து வச்சார். நூரிகிட்டப் போயி அவ நெத்தியைத் தடவிக் குடுத்துட்டு, அப்படியே நடந்து போயிட்டார். நான் வீட்டுக்குப் போறப்ப அவர் பெட்டி இல்ல. மத்தியான பஸ்ல வத்தலக்குண்டு இறங்கி, அங்கேர்ந்து உத்தமபாளையம் போயிட்டார்னு ஜொஹரா சொன்னா. சோத்தைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. அதுவரைக்கும் நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம்.

கொஞ்சம் அந்தத் துருவிய கேரட்டை இப்படித் தள்ளுங்க. ஆங், சரி. துருவித்தான் போடணும். துண்டாப் போட்டா ஆபத்து. அது ஆபத்துன்னு நான் தெரிஞ்சுக்கிட்ட விதத்தைத்தான் சொல்ல வரேன்.

மச்சான் போன அப்புறம் நான் வைராக்கியமாத் தீவனம் போட்டேங்க. ஊருக்குக் காட்டணும்ல. இருக்கிறதுலயே பச்சையான புல்லு, நல்ல கொள்ளு, தவிடு, அதுக்கு மேல ஓட்ஸ் வேற. தொட்டி நிறைய. மத்த குதிரையை விட ஒரு பங்கு கூடவே. நூரியும் ஆவலாத்தான் வந்து வாயை வைப்பா. ஆனா பாதிப் புல்லு செவுத்தோரமா விழுந்து கிடக்கும், உருண்டை உருண்டையா, மென்னு துப்புன மாதிரி. எனக்குக் கோவம் வந்துச்சு. இவ்வளவு செஞ்சும் திமிரைப் பாருன்னு நினைச்சேன். ஒரு நாள் கழுத்துல ஒரு அடி போட்டேன். பலமா இல்ல. ஆனா அடிச்சேன். அடிச்சுட்டு அன்னிக்கும் சவாரிக்குக் கொண்டுபோனேன்.

பதினோராம் நாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். தொட்டியில காஞ்ச கொள்ளையும் தவிட்டையும் கலந்து வச்சுட்டு இந்தப் பக்கம் திரும்புறேன், ஒரு சத்தம். குதிரை இருமுற மாதிரியும் இல்ல, கனைக்கிற மாதிரியும் இல்ல. பாத்தா கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குறா. ரெண்டு மூக்குலயும் பச்சையா நுரை வருது, தவிடு வருது. கண்ணு ரெண்டும் என் மேல. தண்ணி குடிச்சா இறங்கிரும்னு வாயைப் பிடிச்சு ஒரு சொம்புத் தண்ணியை ஊத்துனேன். அதுவும் மூக்கு வழியா வந்துச்சு. அந்தோணிராஜ்தான் ஓடிப்போயி மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தான். ஜொஹராவும் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தா.

டாக்டரம்மா சின்ன வயசு. வந்த உடனே தண்ணி ஏதும் ஊத்துனீங்களான்னுதான் கேட்டாங்க. ஊத்துனேன்னேன். நுரையீரலுக்குப் போயிருந்தா இப்ப நான் வந்து பிரயோஜனமே இல்லைன்னாங்க. மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியா டியூபை விட்டு, வெதுவெதுப்பாத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு, ஒரு மணி நேரம் போராடி அந்த அடைப்பை எடுத்தாங்க. ஜொஹராதான் நூரி தலையைத் தாங்கிப் பிடிச்சிருந்தா. அவ தோள் மேலதான் அத்தனை நுரையும்.

அப்புறம் டார்ச்சைப் பிடிச்சு வாய்க்குள்ள பாத்தாங்க. என்னையும் பாக்கச் சொன்னாங்க. பாத்தேங்க. கடவாய்ப் பல்லு மூணு இல்லவே இல்ல. இருக்கிற பல்லு ஒரு பக்கமாத் தேஞ்சு, ஓரமெல்லாம் பிளேடு மாதிரி. கன்னத்துக்கு உள்பக்கம் கிழிஞ்சு கிழிஞ்சு புண்ணு. ஒவ்வொரு வாய்க்கும் அது கிழிச்சிருக்கும்ல. இந்த வாயிலதான் நான் கடிவாளத்தைப் போட்டு இழுத்திருக்கேன்.

இளைச்சது உங்களுக்குத் தெரியலையான்னு கேட்டாங்க. மலைக் குளிருக்கு ரோமம் அடர்த்தியா வளந்திருக்கும், கண்ணால பாத்தாப் பாதிதான் தெரியும், கையை வச்சு விலாவைத் தடவிப் பாக்கணும்னாங்க. என் கையை எடுத்து வச்சாங்க. விறகுக் கட்டு மேல கம்பளியைப் போத்துன மாதிரி இருந்துச்சு. சவாரிக்காரங்க என்கிட்ட எலும்பா இருக்குன்னு சொன்னப்பல்லாம், நான் கண்ணாலதான் பாத்திருக்கேன். தொட்டுப் பாத்ததே இல்ல.

அப்புறம்தான் அவங்க அந்தக் கேள்வியைக் கேட்டாங்க.

"இது ஒரு வருஷமாவே மென்னு திங்க முடியாத குதிரை. இத்தனை நாள் யாரோ ஊற வச்சு, மசிச்சு ஊட்டியிருக்காங்க. இல்லைன்னா எப்பவோ போயிருக்கும். யாரு பாத்துக்கிட்டது?"

நான் சொன்னேங்க, "நான்தான்"னு.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. வாய் தவறி வந்துருச்சு. என் குதிரை, என் லாயம், யாருன்னு கேட்டா நான்தான்னு வர்றது பழக்கம்தானே. டாக்டரம்மா என் தோளைத் தட்டிக் குடுத்தாங்க. நல்லாப் பாத்திருக்கீங்க, இப்பக் கொஞ்ச நாளாத்தான் என்னமோ அசால்ட்டா விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. அரத்தை வச்சுப் பல்லு ஓரத்தையெல்லாம் ராவிவிட்டுப் போனாங்க. அந்த ராவுற சத்தம் நிக்கிற வரைக்கும் நான் ஜொஹரா பக்கம் திரும்பவே இல்ல.

வீட்டுக்குப் போனதும் கேட்டா. சத்தம் போடல. சேலையில இருந்த நுரையைக் கழுவிக்கிட்டே கேட்டா.

"அண்ணன் எடுத்தாருன்னு ஊரு முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு அண்ணனோடதை யாரு எடுத்தது?"

மறுநாள் விடியக்காலையில நான் மேட்டுப் பக்கம் போனேன். அங்க எஸ்தர் அக்கா டீக்கடை. நாலரைக்கே அடுப்பு பத்த வச்சிரும். உதுமான் பாய் வரலையான்னு அதுதான் முதல்ல கேட்டுச்சு. தினமும் கொள்ளையும் தவிட்டையும் கொண்டுவந்து, அடுப்போரமா வேக வச்சு, உக்காந்து மத்தால மசிப்பாராம். போறப்ப சாரல்ல நனையாம, திரும்புறப்ப சூடு ஆறாம இருக்கச் சாக்கைப் போட்டு மூடிக்குவாராம். உங்களுக்குத் தெரியாதா பாய்னு கேட்டுச்சு. தெரியும் தெரியும்னேன். பாருங்க, அங்கயும் ஒரு பொய். கடை ஓரத்துல மத்து இருந்துச்சு. அதுதான் இது. பிடி தேஞ்சிருக்கு பாத்தீங்களா? அது என் கைக்குத் தேஞ்சதில்ல.

இன்னொண்ணு சொல்லணும். மொதல்ல உங்ககிட்ட, மச்சான் ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன்ல. அது சரியில்ல. சொன்னார். சித்திரையில சொன்னார், நூரிக்குப் பல்லைப் பாக்கணும் மாப்ளேன்னு. சீசன் முடியட்டும்னேன். ஆடியில திரும்பச் சொன்னார், அவளைச் சவாரியிலேர்ந்து நிறுத்து, நான் ஊட்டுறது உடம்புல ஒட்டலைன்னு. ரெண்டாவது சீசனும் போகட்டும்னேன். எனக்கு அதெல்லாம் எஸ்தர் கடையிலேர்ந்து இறங்கி வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. நிஜமாத்தான். அவர் காலையில மசிச்சு ஊட்டுனதை நான் பொழுதன்னிக்கும் ஏரியைச் சுத்தி ஓட்டியே கரைச்சிருக்கேன். தீவனம் எங்க போகுதுன்னு கேட்டேன்ல. அங்கதான் போயிருக்கு.

அன்னிலேர்ந்து சேணம் அவ முதுகுல ஏறல. ஒரு நாளைக்கு நாலு வேளை. ஒரே நேரத்துல நிறைய வச்சா அவ வயித்துக்கு ஆகாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா. தவிடு, வேக வச்ச கொள்ளு, கேரட்டு, கல்லுப்பு, ஒரு கரண்டி கடலை எண்ணெய். எண்ணெயும் எடுத்த எடுப்புல கரண்டி இல்ல, ஸ்பூன்ல ஆரம்பிச்சு ஒரு மாசமாக் கூட்டினது. புல்லைப் பொடிசா நறுக்கி ஊற வைக்கணும். குளிருக்குப் பச்சைத் தண்ணியைத் தொடவே மாட்டா, வெந்நி கலந்து வச்சாத்தான் குடிப்பா. மத்த ரெண்டும் இவ தொட்டியில வாயை வச்சிரும், அதான் தனியாக் கட்டியிருக்கேன். வாரத்துக்கு ஒருக்கா டேப்பைச் சுத்தி நெஞ்சை அளப்பேன். முதல் மாசம் ஒரு விரக்கடை கூட ஏறல. ரெண்டாம் மாசம் ஏறுச்சு. அன்னிக்கு நான் அழுதுட்டேன், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன.

அப்பத்தான் உத்தமபாளையம் போனேன். வெறுங்கையோட போகல. ஒரு கூடை பேரிக்காய் கொண்டுபோனேன், நல்ல பழமாப் பொறுக்கி. மச்சான் வாசல்ல பாய் போட்டு உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தார். வாங்கன்னார். வாய்யா மாப்ளேன்னு சொல்லல. மகள் டீ கொண்டுவந்து வச்சுட்டு உள்ள போயிருச்சு. எத்தனை வேளை குடுக்குறீங்கன்னு கேட்டார். நாலுன்னேன். எண்ணெய் விடுறீங்களான்னார். விடுறேன்னேன். சாணம் இறுகுதா இளகுதான்னார். ஒரு மணி நேரம் இப்படியே பேசிக்கிட்டு இருந்தோம். நல்லாத்தான் பேசினார். சரி, மனசு ஆறிருச்சு, கூட்டிட்டுப் போயிரலாம்னு நான் நினைச்சுக்கிட்டேன். டாக்டரம்மா வந்து வாயைத் தொறந்து காட்டின அப்புறம்தான், மச்சான், எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு, வாங்க போகலாம், ஜொஹரா எதிர்பாத்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்.

அவர் உரிச்ச மொச்சையை ஒரு ஓரமா ஒதுக்கி வச்சார்.

"நூரி பல்லைப் பாக்க டாக்டர் வேணும், சரி. என்னைப் பாக்கவும் டாக்டர் வந்து சொல்லணுமா, சிக்கந்தர் பாய்?"

பேரைச் சொல்லி, பாய்னார். பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். பஸ் கிளம்புற வரைக்கும் நின்னார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கல. ஜொஹரா ராத்திரி ஒண்ணே ஒண்ணு கேட்டா, மன்னிப்புக் கேட்டீங்களான்னு. வாயைத் தொறந்து அப்படிக் கேக்கலதான். ஆனா பேரிக்காய் கொண்டுபோனேன், குதிரையை நல்லாப் பாத்துக்கிறேன்னு சொன்னேன், அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன். அதெல்லாம் எதுக்காம்? அது அவருக்குத் தெரியாதா? ஜொஹராகிட்ட இப்படித்தான் சொன்னேன். அவ விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டா.

குதிரைக்குச் செஞ்சதுக்கு ஈடு செஞ்சுட்டேன்னு நினைக்கிறேங்க. கையை வச்சுப் பாருங்க, விலா மேல. பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டா. சதை இருக்குல்ல? மெத்துன்னு இருக்குல்ல?

இருங்க, இதை அவ முன்னாடி வச்சுடுறேன். மணி அஞ்சாகப் போகுது.

நான் உத்தமபாளையம் போயிட்டு வந்து ஒரு வாரம் இருக்கும், மச்சான் போன் பண்ணினார். எனக்கு இல்ல, ஜொஹராவுக்கு. அவ இங்கதான் இருந்தா அப்ப. எடுத்துப் பேசினா, தலையை ஆட்டினா, போனைக் கொண்டுபோயி நூரி வாய்கிட்டப் பிடிச்சா. என்னன்னு கேட்டேன். அவ திங்கிற சத்தத்தைக் கேக்கணுமாம்னா. அதுல தெரியுமாம் அவருக்கு. வலியோட திங்கிறாளா, நிம்மதியாத் திங்கிறாளான்னு. அன்னிலேர்ந்து தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடிக்கும். ஜொஹராவால தினம் வர முடியாதுல்ல, அவ போனை என்கிட்டக் குடுத்துடுறா. அவ குடுக்குறதுக்குக் காரணம் இருக்கும்னு எனக்கும் தெரியும். நான் ஒண்ணும் அவ்வளவு மடையன் இல்ல.

அவர் ஹலோன்னு சொல்ல மாட்டார். நானும் சொல்றதில்ல. எடுத்து அவ வாய்கிட்டப் பிடிப்பேன். சப்பு சப்புன்னு இழுப்பா. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அந்தப் பக்கம் மூச்சு விடுறது கேக்கும். அப்புறம் வச்சிருவார்.

பேசலாம்தான். மச்சான்னு ஒரு வார்த்தை. தினமும் சொல்லணும்னுதான் போனை எடுக்குறேன். ஆனா நான் பேசினா அவருக்கு அந்தச் சத்தம் சரியாக் கேக்காதுல்ல. அதான் பேசுறதில்ல. வேற ஒண்ணும் இல்ல.

அடிக்குது பாருங்க. கொஞ்ச நேரம் நீங்களும் சத்தம் போடாம இருங்க.